ஃபெரட்டுக்குப் பச்சை இறைச்சி: பட்டினி போட்டுப் பழக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் இதழின் குடும்பப் பகுதியில் அண்மையில் வெளியான, வீட்டில் வளர்க்கும் ஃபெரட் என்னும் சிறு ஊனுண்ணிப் பிராணிகளைப் பாக்கெட் தீவனத்திலிருந்து பச்சை இறைச்சிக்கு மாற்றுவது பற்றிய குறிப்பைப் படித்துவிட்டு இக்கடிதத்தை எழுதுகிறேன். பச்சை இறைச்சி ஃபெரட்டுக்கு ஏற்ற உணவு என்னும் அக்குறிப்பின் அடிப்படைக் கருத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால், எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறியைத் துண்டு போட்டுக் கொடுத்தாலே போதும் என்றும், தின்ன மறுத்தால் ஒரு நாள் பட்டினி போட்டால் தானாக வழிக்கு வந்துவிடும் என்றும் அதில் சொல்லப்பட்டிருக்கும் இரண்டு யோசனைகளும் அந்தச் சின்ன ஜீவனின் உயிருக்கே உலை வைக்கக்கூடியவை. இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் ஃபெரட் வளர்க்கும் நம் பிள்ளைகள் யாரேனும் அதைப் படித்த அன்றிரவே கூண்டிலிருந்த தீவனக் கிண்ணத்தை எடுத்துவிட்டிருப்பார்களோ என்ற கவலைதான் என்னை எழுத வைத்தது.

நான் மருத்துவர் அல்லேன். சாட்ஸ்வர்த்தில் குடியிருப்பவள், கால்நடை மருத்துவமனை ஒன்றில் பல ஆண்டுகள் உதவியாளராக இருந்தவள், எங்கள் வீட்டு ஃபெரட்டுகளைப் பச்சை இறைச்சியிலேயே வளர்த்து வருபவள். இங்கே நான் எழுதுவது மருத்துவர்களுடன் வேலை செய்து கற்றதும், கண்ணால் கண்டதுமே.

ஃபெரட் பார்வைக்குக் கீரியைப் போல நீண்டு மெலிந்திருந்தாலும் கீரியின் இனத்தைச் சேர்ந்ததன்று. நீர்நாயும் இந்த நாட்டுக் காடுகளில் திரியும் ஹனி பாட்ஜரும் சேர்ந்த மஸ்டெலிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. போல்கேட் என்னும் ஐரோப்பியக் காட்டு விலங்கிலிருந்து, முயல் பிடிப்பதற்கும் எலி பிடிப்பதற்கும் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளாக மனிதன் பழக்கி வைத்திருப்பது. நாய் சோறும் தின்னும், கறியும் தின்னும். ஃபெரட்டுக்கு அந்த வசதி கிடையாது. அதன் குடல் மிகக் குட்டையானது, சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் மற்றப் பல விலங்குகளுக்கு இருக்கும் குடற்பை அதற்கு இல்லை, தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். இவ்வளவு குறுகிய நேரத்தில் மாவுச்சத்தையும் நார்ச்சத்தையும் உடைத்துச் சத்தெடுக்க அந்தக் குடலால் இயலாது. விலங்குப் புரதமும் கொழுப்புமே அதன் எரிபொருள். அதனால்தான் ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறைகூடக் கொஞ்சம் கொஞ்சமாக வந்து தின்றுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறது.

பட்டினி போடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். வயிறு காலியாகிவிட்டால் இரத்தத்தில் சர்க்கரை அளவு விரைவில் இறங்கும். அறுவைச் சிகிச்சைக்கு முன்புகூட ஃபெரட்டை மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிற்றில் வைக்க மருத்துவர்கள் தயங்குவார்கள். மேலும், நடுவயதைத் தாண்டிய ஃபெரட்டுகளுக்குக் கணையத்தில் இன்சுலினோமா என்னும் கட்டி வருவது மிகச் சாதாரணம். அது இன்சுலினை அளவுக்கு மீறிச் சுரந்து சர்க்கரையை எப்போதும் கீழே இழுத்துக்கொண்டேயிருக்கும். வீட்டாருக்குத் தெரியாமலே அந்தக் கட்டியுடன் நடமாடும் ஒரு ஃபெரட்டை நாள் முழுவதும் பட்டினி போட்டால், பின்னங்கால்கள் தளர்ந்து, எச்சில் வடிந்து, முன்னங்கால்களால் வாயைப் பிறாண்டி, வெறித்துப் பார்த்தபடி விழுந்து, வலிப்பு வரை போய்விடும். கொழுத்த ஃபெரட் ஒன்று இரண்டு நாள் தின்னாமல் இருந்தால் உடற்கொழுப்பெல்லாம் ஈரலில் வந்து படிந்து ஈரலே செயலிழக்கும் அபாயமும் உண்டு. பசித்தால் தின்னும் என்பது நாய்க்குப் பொருந்தலாம். ஃபெரட் விஷயத்தில் அது தின்னாமலே மடிந்துபோகக்கூடும்.

அது ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது என்பதையும் விளக்க வேண்டும். ஃபெரட் குட்டி தன் வாழ்வின் முதல் சில மாதங்களில் எந்த எந்த மணங்களை உணவென்று பழகுகிறதோ, அவற்றையே பிற்காலத்திலும் உணவாக ஏற்றுக்கொள்ளும். தாயிடமிருந்து பிரித்த நாள் முதல் பூனைக்குட்டித் தீவனத்தை மட்டுமே மோந்து வளர்ந்த மூன்று வயது ஃபெரட்டின் முன்னால் அருமையான கோழிக்கறியை வைத்தால், அதற்கு அது உணவாகவே தோன்றாது. திமிரென்று எண்ணிக் கோபித்துக்கொள்வதில் பயனில்லை. மூக்கைப் பழக்கிய பிறகுதான் வயிற்றைப் பழக்க முடியும்.

இனி நெஞ்சுக்கறி விஷயத்துக்கு வருகிறேன். நான் பணியாற்றிய இடத்துக்கு இளம் பெண் ஃபெரட் ஒன்றைக் கொண்டு வந்தார்கள். அன்பாக வளர்த்த குடும்பம்; பாக்கெட் தீவனம் கெடுதல் என்று யாரோ சொல்லக் கேட்டு, மாதக் கணக்கில் எலும்பும் தோலும் நீக்கிய கோழிக்கறியை மட்டுமே கொடுத்திருந்தார்கள். மேசையில் விட்டபோது அதன் பின்பாகம் தரையோடு தரையாக இழுபட்டது. எக்ஸ்ரே படத்தில் எலும்புகள் சுற்றியுள்ள சதையிலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்கு வெளிறி இருந்தன. தசையில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. இவ்விரண்டும் ஏறத்தாழச் சம அளவில், கால்சியம் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். அந்த விகிதம் தவறும்போது உடல் தனக்கு வேண்டிய கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே உருவி எடுத்துக்கொள்ளும். அந்தக் குடும்பத்தார் மீது எனக்குக் குறையில்லை. அவர்களுக்குப் பாதி உண்மையைச் சொன்னவர்கள் மீதுதான் குறை.

பச்சை உணவு என்றால் ஒரு முழுப் பிராணிக்கு ஈடான உணவு என்று பொருள் கொள்ள வேண்டும். காட்டுப் போல்கேட் எலியைப் பிடித்தால் சதை, எலும்பு, ஈரல், சிறுநீரகம், இதயம் எல்லாவற்றையும் சேர்த்தே தின்கிறது. நாம் துண்டு துண்டாக வாங்கி அதை ஈடுகட்டுவதானால், நூற்றுக்கு 80 பங்கு தசை, 10 பங்கு தின்னத்தக்க எலும்பு, 5 பங்கு ஈரல், 5 பங்கு சிறுநீரகம் அல்லது மண்ணீரல் என்னும் கணக்கைப் பெரும்பாலோர் பின்பற்றுகின்றனர். இதயமும் கோழிக் கற்குடலும் தசைக் கணக்கில்தான் சேரும். இதயத்தில் டாரின் என்னும் சத்து நிறைந்திருப்பதால் வாரம் தவறாமல் அது இருக்க வேண்டும். ஒரு கிலோ எடையுள்ள ஃபெரட் நாளொன்றுக்கு ஏறக்குறைய 60 கிராம் பச்சை உணவு தின்னும் என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு 420 கிராம் ஆகிறது. அதில் ஈரல் 21 கிராம், சிறுநீரகம் 21 கிராம், எலும்பு 42 கிராம். கோழிச் சிறகின் எடையில் கிட்டத்தட்டப் பாதி எலும்பு என்பதால், வாரத்துக்கு 90 கிராம் அளவுக்குச் சிறகு கொடுத்தால் எலும்புக் கணக்கு நேராகிவிடும். ஈரல் நல்லதென்று அள்ளிக் கொடுத்தால் வைட்டமின் ஏ அளவு மீறி அதுவே நஞ்சாகும். எலும்பைச் சமைத்துக் கொடுக்கவே கூடாது. வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும், பச்சை எலும்பு நொறுங்கும்.

டர்பனில் இவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆட்டுத்தலையும் காலும் குடலும் ஈரலும் வாங்கிச் சமைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருப்பதால், நம் பகுதி இறைச்சிக் கடைக்காரர்களிடம் இரண்டு சிறுநீரகமும் ஒரு இதயமும் வேண்டுமென்று கேட்டால் யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. பாம்பும் பருந்தும் வளர்ப்பவர்களுக்காக உறையவைத்து விற்கப்படும் ஒரு நாள் கோழிக்குஞ்சும் சுண்டெலியும் ஃபெரட்டுக்கும் உகந்தவை. காடை, முயல் கிடைத்தால் மிக நன்று. ஒரே இறைச்சியை ஆண்டு முழுவதும் கொடுக்காமல் மூன்று நான்கு வகையேனும் மாற்றிக் கொடுப்பது அவசியம்.

ஆயினும் கடையில் கிடைக்கும் எல்லாக் கோழியும் ஒன்றல்ல. தனித்தனித் துண்டாக உறையவைத்துப் பெரிய பையில் விற்கப்படும் கோழியில் உப்புநீர் ஊசி மூலம் ஏற்றப்பட்டிருக்கும். முன்பு துண்டுகளுக்கு இதற்கான வரம்பே இல்லாதிருந்தது. 2016இல் வந்த அரசு விதி, துண்டுகளுக்கு 15 சதவீதம், முழுக்கோழிக்கு 10 சதவீதம் என்று கட்டுப்படுத்தியது. அந்த நீரில் உப்புடன் பாஸ்பேட்டும் சேர்வதுண்டு. மனிதர் குழம்பு வைத்துத் தின்ன அது பெரிய கெடுதல் இல்லாமற் போகலாம். ஒரு கிலோ எடையுள்ள பிராணிக்கு அதுவே அன்றாட உணவு என்னும்போது, நாம் கவனமாகப் போட்ட கால்சியக் கணக்கை அந்தப் பாஸ்பேட் கலைத்துவிடுகிறது. பையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டு, உப்புநீர் ஏற்றாத கோழியையே வாங்க வேண்டும். பூர்வோர்ஸ் என்னும் சாசேஜ் முதலிய பதப்படுத்திய இறைச்சிகளில் சேர்க்கும் சல்ஃபைட் என்னும் பதப்பொருள் தயமின் என்னும் வைட்டமினை அழித்துவிடும். பில்டோங் என்னும் உலர்த்திய இறைச்சியில் உப்பும் மசாலாவும் வினிகரும் இருக்கின்றன. இரண்டுமே ஃபெரட்டுக்கு ஆகா. வெங்காயமும் பூண்டும் பட்ட இறைச்சி எதுவும் ஆகாது.

கடைகளில் தயாராக அரைத்து உறையவைத்து விற்கும் பச்சைத் தீவனங்களை வாங்குவோர், பொட்டலத்தில் வி என்ற எழுத்துடன் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்நாட்டில் விற்கப்படும் வளர்ப்புப் பிராணித் தீவனங்கள் 1947ஆம் ஆண்டின் 36ஆம் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட வேண்டியவை. அந்த எண் இல்லாத பொட்டலத்தில் எலும்பு எவ்வளவு, ஈரல் எவ்வளவு என்று விற்பவரிடம் கேட்டு எழுதி வாங்க முடியாவிட்டால், அதை விட்டுவிடுவதே நலம்.

மாற்றும் முறைதான் இக்கடிதத்தின் நடுப்பொருள் என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

முதலில், சமையலறைத் தராசில் ஃபெரட்டை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று வயதைக் கடந்ததாக இருந்தால் மருத்துவரிடம் காட்டி இரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிட வேண்டும். பிறகு, பழகிய உலர் தீவனத்தை நிறுத்தாமல், அதையே வெந்நீரில் ஊறவைத்துக் குழைத்துக் கொடுக்கத் தொடங்கலாம். சில நாட்களில் அந்தக் குழைவு பழகிவிடும். அப்போது எலும்பும் ஈரலும் சேர்த்து மைய அரைத்த பச்சை இறைச்சியை வெதுவெதுப்பான நீர் விட்டுக் கஞ்சிப் பதத்துக்குக் கரைத்து, அதில் ஒரு சிட்டிகை மட்டும் அந்தக் குழைவில் கலக்க வேண்டும். இறைச்சியைச் சூடாக்கக் கூடாது. நீர்தான் உடற்சூட்டளவு இருக்க வேண்டும். குளிர்ந்த உணவுக்கு மணம் எழாது, மணம் எழாவிட்டால் ஃபெரட் திரும்பியும் பாராது.

கிண்ணத்தில் வைத்தால் பெரும்பாலும் முதல் நாளில் மோந்துவிட்டுப் பின்வாங்கும், சில சமயம் மூக்கைத் தரைவிரிப்பில் தேய்த்துத் துடைத்துக்கொள்ளும். அதனால் மனம் தளர வேண்டாம். மடியில் துண்டை விரித்து அதைப் படுக்கவைத்து, சுண்டுவிரல் நுனியில் ஒரு துளி எடுத்து மேலுதட்டின் ஓரத்தில் தடவினால் நக்கித்தான் ஆக வேண்டும். அந்த நக்கலில்தான் மாற்றம் தொடங்குகிறது. வாயைப் பிளந்து திணிக்கக் கூடாது. கொழுப்பு என்றால் ஃபெரட்டுக்கு உயிர். சால்மன் எண்ணெய் ஒரு துளியோ முட்டை மஞ்சட்கரு சிறிதோ மேலே விட்டுக் கொடுத்தால் பிடிவாதக்காரனும் இறங்கி வருவான். நாள்தோறும் இறைச்சியின் பங்கைக் கூட்டி, தீவனத்தின் பங்கைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். இடையில் எப்போதும் கூண்டில் பழைய தீவனம் ஒரு கிண்ணம் இருந்தே ஆக வேண்டும். குட்டிகள் ஒரு வாரத்திலேயே முழுவதும் மாறிவிடுவதுண்டு. வயது முதிர்ந்தவை மாதங்கள் எடுத்துக்கொள்ளும். எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பழையபடி தீவனத்துக்குத் திரும்பி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கஞ்சி பழகிய பிறகு கெட்டியாக்கி, அரைப்பதைக் கொரகொரப்பாக்கி, கடைசியில் துண்டாகக் கொடுக்க வேண்டும். பலர் கஞ்சியோடு நின்றுவிடுகிறார்கள். அதில் பற்களுக்குப் பயன் ஒன்றுமில்லை. ஃபெரட்டுக்கு 34 பற்கள். தசையை அறுப்பதற்கென்று கத்தரிக்கோல் அலகுகளைப் போல ஒன்றையொன்று உரசி இறங்கும் கடைவாய்ப் பற்கள் அதற்கு இருக்கின்றன. முதன்முதலாகக் கோழிச் சிறகின் நுனியைக் கடிக்கும் ஃபெரட்டை அருகிலிருந்து பார்த்தால் அது விளங்கும்: தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, துண்டை முன்னங்கால்களால் அழுத்திப் பிடித்து, வாயின் ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டு போய், கண்ணை மூடிக்கொண்டு நறுக்கென்று கடிக்கிறது. எலும்பு நொறுங்கும் ஓசை நமக்கு அச்சமூட்டினாலும் அதற்கு அது இயல்பு. எலும்புத் துண்டு கொடுக்கும்போது யாராவது ஒருவர் அருகில் இருப்பது மட்டும் கட்டாயம்.

மலத்தை நாள்தோறும் பார்க்க வேண்டும். மாற்றத்தின் தொடக்கத்தில் பச்சை நிறமாகச் சளி போலப் போவதுண்டு. ஓரிரு நாளில் சரியாகிவிடும். சுண்ணாம்பு போல வெளுத்து உதிர்ந்தால் எலும்பு அதிகம். ஈரல் கொடுத்த மறுநாள் சற்றுக் கருத்திருக்கலாம். ஆனால் தார் போலக் கருத்துப் பிசுபிசுத்தால் இரைப்பையில் இரத்தக் கசிவு என்று கொண்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். தளர்ந்து விழுந்துவிட்டால், ஈறில் சிறிது தேன் தடவிக்கொண்டே புறப்பட வேண்டும்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கலைப் பற்றி அக்குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. புரட்டாசி பிறந்தால் நம்மில் பெரும்பாலோர் மாதம் முழுவதும் மரக்கறி உணவே உண்கிறோம். கறிச் சட்டிகளைக் கழுவி எடுத்து வைத்துவிடுகிறோம்; சனிக்கிழமைகளில் பெருமாளுக்கு விளக்கேற்றுகிறோம். காவடி விரதத்திலும் அப்படியே. அந்த நாட்களில் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால் கோழிக்குஞ்சும் ஆட்டு ஈரலும் கண்ணில் படுவதை ஆயாவும் தாத்தாவும் எப்படி ஏற்றுக்கொள்வார்கள்? இதை நான் அற்பமான கேள்வியாகக் கருதவில்லை. பெரியவர்களின் விரதமும் மதிக்கப்பட வேண்டும், அந்தப் பிராணியும் பசியின்றி இருக்க வேண்டும். விரத மாதத்தில் ஃபெரட்டுக்குப் பருப்பும் பாலும் சோறும் கொடுத்த வீடுகளை நான் அறிவேன். அது பெரும் தவறு. தாவரப் புரதம் மிகுந்த உணவு ஃபெரட்டின் சிறுநீரின் தன்மையை மாற்றிச் சிறுநீர்ப்பையில் கல்லை உண்டாக்கும். ஆண் ஃபெரட்டுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அதன்மீது நம் விரதத்தைச் சுமத்தும்படி எந்தச் சாமியும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். ஆவணிக் கடைசியிலேயே ஒரு மாதத்துக்கான உணவைக் கணக்கிட்டு, நிறுத்து, அரைத்து, ஒரு வேளைக்கு ஒன்றாகச் சிறு டப்பாக்களில் அடைத்து, கராஜில் இருக்கும் சின்ன ஃப்ரீசரில் வைத்துவிடுவோம். மாதம் முழுவதும் சமையலறைக்குள் கத்தியோ பலகையோ வர வேண்டியதில்லை. முந்தைய இரவே அடுத்த நாளுக்குரிய டப்பாவைக் கராஜிலேயே மூடிய குளிர்பெட்டியில் பனிக்கட்டியுடன் வைத்து இளகவிட்டு, கூண்டும் அங்கேயே இருப்பதால் அங்கேயே கொடுத்து, பாத்திரத்தை வெளிக்குழாயில் கழுவிவிடுகிறோம். தனி ஃப்ரீசருக்கு இடமோ வசதியோ இல்லாத வீட்டில், அந்த ஒரு மாதம் தரமான உலர் தீவனத்தையே கொடுப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. அதற்காகத்தான், முற்றிலும் பச்சை உணவுக்கு மாறிய ஃபெரட்டுக்கும் வாரத்தில் ஒரு வேளை உலர் தீவனம் கொடுத்து அதன் மணத்தை மறக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

இப்பழக்கம் வேறொரு வகையிலும் கைகொடுக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது டர்பனின் பல பகுதிகளில் மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் நாட்கணக்கில் இல்லாமற் போனதை நாம் மறக்கவில்லை. லோட் ஷெடிங் என்னும் சுழற்சி மின்வெட்டுக் காலத்தையும் மறக்கவில்லை. நிறைந்திருக்கும் ஃப்ரீசரைத் திறக்காமல் வைத்திருந்தால் ஏறத்தாழ 48 மணி நேரம் தாங்கும். பாதி நிறைந்திருந்தால் 24 மணி நேரம்தான். அதற்குப் பிறகு உருகிக் கிடக்கும் கறியை மீண்டும் உறையவைத்துக் கொடுப்பதைவிட, அதை எறிந்துவிட்டுத் தீவனப் பையைத் திறப்பதே அறிவுடைமை.

நோய்த்தொற்றைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். 2017, 2018 ஆண்டுகளில் இந்த நாட்டில் போலோனி என்னும் பதப்படுத்திய இறைச்சி வழியாகப் பரவிய லிஸ்டீரியா நோயில் 1,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டு 200 பேருக்கு மேல் இறந்தார்கள். பாதிக்கப்பட்டோரில் பச்சிளங் குழந்தைகள் மிகுதி. அந்தக் கிருமி குளிர்பதனப் பெட்டிக்குள்ளும் வளரும், உறையவைத்தாலும் சாகாது. சில வாரங்கள் உறையவைப்பதால் பல ஒட்டுண்ணிகள் சாகுமே தவிர, சால்மொனெல்லா, லிஸ்டீரியா போன்ற பாக்டீரியாக்கள் சாவதில்லை. நம் சமூகத்தில் நீரிழிவு மிகுதி; வீட்டில் நீரிழிவுள்ள பெரியவர், கர்ப்பிணி, கைக்குழந்தை, புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர் யாரேனும் இருந்தால், பச்சை உணவைத் தொடங்கும் முன் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். தனிப் பலகை, தனிக் கத்தி, வேலை முடிந்ததும் ஜிக் என்னும் வெளுப்பான் கலந்த நீரால் துடைத்தல், சோப்புப் போட்டுக் கை கழுவுதல் ஆகியவை ஒரு நாளும் தவறக் கூடாதவை. பிள்ளைகள் ஃபெரட்டை வாயில் முத்தமிடுவதை நிறுத்தியே ஆக வேண்டும். ஃபெரட்டுக்கு உணவை ஒளித்து வைக்கும் குணம் உண்டு; பாதி தின்ற கோழிக் கழுத்தைச் சோஃபாவுக்குள் கொண்டு போய் வைத்துவிட்டால், டர்பன் கோடையின் புழுக்கத்தில் அரை நாளில் அது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கூண்டுக்குள்ளேயே கொடுத்து, கஞ்சியாக இருந்தால் அரைமணி நேரத்தில் கிண்ணத்தை எடுத்துவிட வேண்டும்.

பறவைக் காய்ச்சல் இன்னொரு கவலை. 1933இல் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பாட்ரிக் லெய்ட்லா ஆகியோர் லண்டனில் மனித இன்ஃப்ளூயன்சா வைரசைக் கண்டறிந்ததே ஃபெரட்டுகளைக் கொண்டுதான். நம்மைத் தாக்கும் சளிக்காய்ச்சல் அவற்றையும் அப்படியே தாக்கும். 2023இல் இந்நாட்டுக் கோழிப்பண்ணைகளில் பறவைக் காய்ச்சல் பரவி முட்டைக்கே தட்டுப்பாடு வந்தது நினைவிருக்கும். 2024இன் இறுதியில் அமெரிக்காவில், அவ்வைரஸ் கலந்த பச்சைத் தீவனத்தைத் தின்ற வீட்டுப் பூனை ஒன்று இறந்து, அந்தத் தீவனம் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. எனவே பறவைக் காய்ச்சல் செய்தி வரும் காலங்களில் கோழியையும் காடையையும் நிறுத்திவிட்டு ஆடு, மாடு, முயல் இறைச்சிக்கு மாறிக்கொள்ள வேண்டும். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத கோழியை எக்காலத்திலும் பச்சையாகக் கொடுக்கக் கூடாது. வீட்டில் யாருக்காவது சளிக்காய்ச்சல் என்றால் அவர் ஃபெரட்டுக்கு உணவு வைக்காமல் இருப்பது இருவருக்கும் நல்லது.

இவ்வளவையும் படித்துவிட்டு, பின் எதற்குப் பச்சை இறைச்சி என்று வாசகர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. உலர் தீவனத்தை இயந்திரத்தில் அழுத்தி உருண்டையாக்குவதற்கு மாவுச்சத்து தேவை. அது சோளமானாலும் அரிசியானாலும் பட்டாணியானாலும் ஃபெரட்டின் குடலுக்கு வேண்டாத சுமை. உலர் தீவனத்தில் ஈரம் பத்தில் ஒரு பங்கு, இறைச்சியில் பத்தில் ஏழு பங்கு. மாவுச்சத்து மிகுந்த தீவனத்தால்தான் இன்சுலினோமா வருகிறது என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். அது இன்னும் நிரூபிக்கப்படவில்லை, பரம்பரை முதலிய வேறு காரணங்களும் கூறப்படுகின்றன. ஆகவே பச்சை உணவு கொடுத்தால் கட்டியே வராது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சரியாகச் செய்த பச்சை உணவில் வளரும் ஃபெரட்டின் பல்லில் காறை குறைவாக இருப்பதையும், மலத்தின் அளவும் நாற்றமும் குறைவதையும், உடம்பில் சதை இறுகுவதையும் கண்ணால் கண்டிருக்கிறேன். அதற்காகவே இவ்வளவு பாடுபடுகிறேன்.

அதே நேரத்தில், நிறுத்து அரைத்துக் கணக்குப் பார்த்துக் கொடுக்க நேரமில்லாத வீட்டுக்கு, விலங்குப் புரதம் முதலிடத்தில் இருக்கும், புரதம் 35 சதவீதத்துக்கும் கொழுப்பு 18 சதவீதத்துக்கும் குறையாத, நார்ச்சத்து மூன்று சதவீதத்தைத் தாண்டாத உலர் தீவனமே நல்லது. அரைகுறையாகச் செய்யும் பச்சை உணவைவிட அது எவ்வளவோ மேல். அப்படிக் கொடுப்பவர்களைக் கொடுமைக்காரர்கள் போல அக்குறிப்பு சித்தரித்திருந்தது எனக்கு வருத்தமளித்தது.

தங்களிடம் நான் வேண்டுவது இரண்டு. பட்டினி போடும்படி சொன்ன வரியும், எலும்பில்லாக் கறி போதும் என்ற வரியும் தவறு என்று அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். அடுத்து, ஃபெரட்டுகளைக் கையாண்டு பழகிய கால்நடை மருத்துவர் ஒருவரைக் கொண்டு வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதச் செய்ய வேண்டும். இதற்கிடையில், அக்குறிப்பைப் படித்துத் தீவனத்தை நிறுத்தியவர்கள் யாரேனும் இருந்தால், இன்றே அந்தக் கிண்ணத்தைக் கூண்டில் திரும்ப வைத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகி ஒருத்தி,
சாட்ஸ்வர்த், டர்பன்.